சிவந்த பதினொரு குழாய்கள்

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் நான் சுற்றி வளைப்பதில்லை. யானை லத்தியை ஆராய்கிற வேலை என்று நேராகச் சொல்லிவிடுவேன். ஜொகூர் பாரு பக்கத்துத் தம்போயில் எங்கள் அடுக்குமாடியின் மூன்றாம் மாடிக்காரம்மா இதைக் கேட்டதும் லிஃப்டில் ஓரமாக ஒதுங்கி நின்றார். கை கழுவிட்டுத்தான் வரேன்மா, பயப்படாதீங்க என்றேன். அதற்குப் பிறகு அவர் படியேறியே போகிறார், உடம்புக்கும் நல்லதுதான்.

அதற்கு முன்னால் செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷம் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். தலை முதல் கால் வரை வெள்ளைத் துணியில் மூடிக்கொண்டு, கண் மட்டும் வெளியே தெரிய, சின்னச் சின்னச் சில்லுகளைப் பார்த்துப் பார்த்துத் தள்ளுவோம். அது எந்த நாட்டுக்குப் போகிறது, எந்த இயந்திரத்துக்குள் உட்காருகிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. ஆரம்பத்தில் கேட்டேன், பிறகு கேட்டுச் சலித்துவிட்டேன். எங்கள் பிரிவை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. இந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள் என்று என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொன்னார். அன்று சாயங்காலம் அவருக்குத் தேநீர் கிடைக்கவில்லை.

ஸ்கூடாய்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே பொறுப்பில் இருந்தவர் ஒரு சீனப் பெண்மணி, என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டாக்டர். அவர் கேட்டது ஒரே கேள்விதான். தொழிற்சாலையில் சுத்த அறைக்குள் போகும்போது என்னென்ன கூடாது? மூச்சு விடாமல் ஒப்பித்தேன். பவுடர் கூடாது, பொட்டு கூடாது, பூ கூடாது, வளையல் கூடாது, சென்ட் கூடாது, தும்மல் வருகிற மாதிரி இருந்தால் வெளியே ஓடிவிட வேண்டும். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அவர் மேசைக்கு மேலே ஒரு கோவாலா படம் மாட்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் படித்தபோது அந்தப் பிராணியை வைத்துத்தான் இதே வேலையைச் செய்தாராம். கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நாள் முழுக்கத் தூங்குகிற ஜென்மம். எங்கள் பழைய சூப்பர்வைசரை எனக்கு ஞாபகப்படுத்துகிறது என்று சொல்லிவிட்டேன். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மலாயும் ஆங்கிலமும் கலந்து எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். ஒரு பிராணியின் மரபணுவைப் படித்தால் அது எந்த வம்சம், மற்றக் கூட்டத்திலிருந்து எந்தக் காலத்தில் பிரிந்தது என்று தெரியும். பழைய மண்ணைப் படித்தால் அந்தக் காலத்தில் அங்கே ஈரமா வறட்சியா, காடா வெட்டவெளியா என்று தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஊரெல்லாம் காய்ந்து கிடந்தபோது எந்த மூலையில் காடு பச்சையாக நின்றது, யார் அங்கே ஒதுங்கிப் பிழைத்தார்கள் என்பது அப்போது தெரிந்துவிடும். இனிமேல் வெயில் ஏறினாலும் அவர்கள் ஒதுங்குவதற்குப் பெரும்பாலும் அதே மூலைதான். ஆகவே காப்பாற்றுவதென்றால் முதலில் அந்த மூலையைக் காப்பாற்று. அங்கே கோவாலாவுக்குச் செய்ததை இங்கே யானைக்குச் செய்கிறார், அவ்வளவுதான்.

குளுவாங்கைத் தாண்டி மெர்சிங் போகிற வழியில் ஒரு சதுப்பில் நீளக் குழாயை இறக்கி மண் எடுத்து வைத்திருந்தார். கறுப்பு, சாம்பல், பழுப்பு என்று அடுக்கடுக்காக இருந்தது. ஒவ்வோர் அடுக்கிலும் அந்தந்தக் காலத்து மரங்களின் மகரந்தம் ஒட்டிக்கொண்டிருக்குமாம். பூமி குளிர்ந்து கிடந்த ஒரு காலத்தில் கடல் கீழே இறங்கிப்போய், இங்கிருந்து ஜாவா வரைக்கும் தரையிலேயே நடந்து போகலாமாம். சிங்கப்பூர் வேலைக்காகத் தினமும் எல்லைப் பாலத்தில் இரண்டு மணி நேரம் நிற்கிற என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் விட்ட பெருமூச்சு பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

மண் தன் பங்கைச் சொல்லிவிட்டது. அந்தச் சதுப்புக்கு மேலே இருக்கிற குன்றுக்காடு, வறண்ட காலத்திலும் காயாமல் நின்ற காடு. யானை தன் பங்கைச் சொல்வதுதான் பாக்கி.

அந்தக் குன்றுக்காட்டை ஒட்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்று. அங்கே ஒன்பது யானைகள் திரிந்தன. அதில் ஒன்று கன்று. புதிதாக நட்ட செம்பனைகளைப் பிடுங்கிக் குருத்தைத் தின்றுவிடும். தோட்டத்து ஜனங்கள் வேலைக்காட்டுக்குப் போகப் பயந்தார்கள், அதில் தப்பு சொல்ல முடியாது. மயக்க ஊசி போட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றி, வடக்கே பெரிய காட்டில் கொண்டுபோய் விடுவது என்று அரசாங்கத்தில் ஒரு திட்டம் தயாராக இருந்தது. முடிவெடுக்கிற கூட்டத்தில் எங்கள் டாக்டர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இவை எங்கிருந்தோ வழி தவறி வந்து சேர்ந்தவையா, இல்லை அந்தக் காட்டுக்கே உரியவையா? வழி தவறியவை என்றால் லாரி. உரியவை என்றால் அங்கேயே விட்டுவிட்டு, துண்டு துண்டாகக் கிடக்கிற காட்டைச் சேர்த்துப் பாதை அமைப்பார்கள். பதிலே கிடைக்கவில்லை என்றாலும் லாரிதான்.

லாரி என்றதும் எனக்குச் சுருக்கென்றது. எனக்குப் பத்து வயதில் நாங்கள் இருந்த கித்தாத் தோட்டத்தை, அதாவது ரப்பர்த் தோட்டத்தை, விற்றுவிட்டார்கள். ஒருவர் கையில் அட்டையோடு லயம் லயமாக வந்து வீட்டு எண்ணை எழுதிக்கொண்டார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்பா சொல்லியிருப்பார், நாலு தலைமுறை என்று. சொல்வதற்காகவே சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார் பாவம். மறுவாரம் அலமாரியும் தையல் மெஷினும் பாய்களும் லாரியில் ஏற, அவற்றுக்கு மேலே நானும் அண்ணனும் ஏறி, சிம்பாங் ரெங்கத்துக்கு வந்து இறங்கினோம். எனக்கு இன்றைக்கும் கோபம்தான். விற்றது விற்றதாக இருக்கட்டும், ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்து போயிருக்கும்?

அதனால்தான் இந்த ஒன்பதும் எனக்கு மற்ற வேலை மாதிரி இல்லை.

அண்ணன் இப்போது அந்தச் செம்பனைத் தோட்டத்தில்தான் டிராக்டர் ஓட்டுகிறார். லத்தி எடுக்க உள்ளூர் ஆள் வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நான்தான் அவரைக் கைகாட்டினேன். டாக்டர் தோட்டத்துக்கே போய்ச் சொல்லிக்கொடுத்தார். கையுறை, முகமூடி. யானை போட்டுப் போன புது லத்தியாக இருக்க வேண்டும். அதன் வெளிப்புறம் பளபளவென்று ஒரு பூச்சு இருக்கும், யானையின் குடலிலிருந்து வந்தது. பஞ்சுக் குச்சியால் அதை மட்டும் தேய்த்து எடுத்து, மருந்து ஊற்றிய குழாயில் போட்டு மூடிவிட வேண்டும். சுத்தம், சுத்தம் என்று டாக்டர் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். அண்ணன் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

அவர் அனுப்பிய முதல் கட்டு வந்தது. பதினொரு குழாய்கள், ஒரே யானையுடையது இரண்டு தடவை வந்தாலும் வரட்டும் என்று இரண்டு கூடுதலாக. வேறு காடுகளிலிருந்து வந்த குழாய்களும் அதே நாளில் மேசையில் இருந்தன. என்னோடு வேலை செய்கிற மலாய்ப் பெண் ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, காரத்தன்மையுள்ள ஒரு கரைசலை ஊற்றிக்கொண்டே வந்தாள். மற்றவை எல்லாம் வெளிறிய பழுப்பாகவே இருந்தன. அண்ணனுடையவை ஒன்று விடாமல் சிவந்தன. அந்தப் பெண் இரண்டடி பின்னால் போய்விட்டாள்.

“அக்கா, டாரா” என்றாள். ரத்தம் என்கிறாள்.

ஒன்பதுக்கும் வயிற்றுக்குள் ஏதோ வியாதி என்று டாக்டர் நினைத்தார். கால்நடை மருத்துவரிடம் அனுப்பிப் பார்த்ததில் ரத்தம் இல்லை என்று பதில் வந்தது. பிறகு என்ன சிவப்பு? யாருக்கும் தெரியவில்லை. மரபணு படிக்கிற இயந்திரத்தில் போட்டால் பதினொன்றிலும் ஓர் எழுத்துகூட வரவில்லை. கூட்டத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. டாக்டர் அறிக்கையின் முதல் வரைவை அடித்துக் கொடுத்தார். வரைபடத்தில் மற்றக் காடுகளுக்கு நிறம் இருந்தது. அந்தக் குன்றுக்காடு மட்டும் வெள்ளையாக இருந்தது, பக்கத்தில் ‘மாதிரிகள் தகுதியற்றவை’ என்று ஒரு வரி. பதில் இல்லை என்று அர்த்தம். அதாவது லாரி.

அந்த வாரக் கடைசியில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க ஆரத்தி கரைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. மண்டபத்துச் சமையல்கட்டில் நின்றுகொண்டு தட்டில் தண்ணீர் ஊற்றி, மஞ்சள்தூளைப் போட்டு, ஒரு சிட்டிகை சுண்ணாம்பை விட்டுக் கலக்கினேன். மஞ்சளாக இருந்த தண்ணீர் குப்பென்று சிவந்தது. இருபது வருஷமாக ஆரத்தி கரைக்கிறேன், ஒருநாளும் அதை உற்றுப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். அந்தப் பதினொரு குழாய்களின் அதே சிவப்பு. எங்கள் கரைசலும் காரம், சுண்ணாம்பும் காரம். அப்படியானால் குழாய்க்குள் இருக்கிற மற்றது என்ன?

வெளியே மேளச்சத்தம் கேட்டுவிட்டது. தட்டை நாத்தனார் கையில் திணித்துவிட்டு, நீங்களே சுற்றுங்கள் என்று சொல்லி, பின்பக்கம் வாகனம் நிறுத்துகிற இடத்துக்கு ஓடிப்போய் அண்ணனுக்குப் போன் அடித்தேன். நாத்தனார் அதற்காக என்னிடம் நாலு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“அண்ணே, அந்தச் சாணி எடுக்கறப்போ என்ன செய்வீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

காலையிலேயே குளித்துவிடுவாராம். கையுறை, முகமூடி எல்லாம் டாக்டர் சொன்ன மாதிரியேதானாம். குரலில் அப்படி ஒரு பெருமை.

“அப்புறம் மஞ்சத்தண்ணி தெளிச்சிட்டுத்தான் குச்சிய வைப்பேன்” என்றார்.

“மஞ்சத்தண்ணியா? அத யாரு தெளிக்கச் சொன்னது?”

“டாக்டரம்மாதான் சுத்தம் சுத்தம்னு அத்தன வாட்டி சொன்னாங்களே லா. மஞ்சளுக்கு மேல சுத்தம் என்ன இருக்கு? அதுவும் இது புள்ளையார் சமாச்சாரம். சும்மா போயி குச்சிய விட்டு நோண்ட முடியுமா?”

எனக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். விஷயம் புரிந்ததும் அண்ணன் போனை அண்ணியிடம் தள்ளிவிட்டார். அண்ணி, அந்த மஞ்சள் வீட்டில் அரைத்த நல்ல மஞ்சள், கலப்படமே கிடையாது என்று எனக்குச் சமாதானம் சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஆய்வுக்கூட வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பொய் சொல்லவில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று தோன்றியது. கெடுத்தது என் அண்ணன். அவரைச் சேர்த்துவிட்டது நான். நான் ஒப்பந்தத்தில் இருக்கிறவள், வீட்டுக்கு அனுப்புவதற்கு ஒரு கடிதம் போதும். ஆனால் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்ற அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. உள்ளே போய்விட்டேன்.

பையில் வீட்டு மஞ்சள்தூள் பொட்டலம் இருந்தது. டாக்டருக்கு முன்னால் ஒரு வெற்றுக் குழாயில் துளி மஞ்சளைப் போட்டு, எங்கள் கரைசலை ஊற்றினேன். சிவந்தது. மலாய்ப் பெண் அலமாக் என்று வாயில் கைவைத்துக்கொண்டாள். செய்தது என் அண்ணன், கெட்ட எண்ணம் இல்லை, நீங்கள் சுத்தம் என்று சொன்னதை அவர் அப்படிப் புரிந்துகொண்டார் என்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மஞ்சள் நிறத்தை மட்டும் மாற்றாது, மரபணுவைப் பெருக்குகிற வேலையையே நிறுத்திவிடும், அதனால்தான் இயந்திரம் ஒன்றும் படிக்கவில்லை என்று மெதுவாகச் சொன்னார். அதை என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. நான் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

“உங்கள் அண்ணனுக்குப் புது மாதிரிகள் எடுக்க எத்தனை நாள் வேண்டும்?” என்று கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை நானே தோட்டத்துக்குப் போனேன். முந்தின நாள் மழை பெய்து பாதையெல்லாம் சேறு. அண்ணன் என் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் முன்னால் நடந்தார். ஒடித்த குருத்து, உரசிய மரம், தண்ணீர் தேங்கிய கால்தடம் என்று பார்த்துப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனார். டிராக்டர்தான் ஓட்டத் தெரியும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், மனிதர் அந்தக் காட்டைப் பேப்பர் படிக்கிற மாதிரி படிக்கிறார். பதினொரு மணிவாக்கில் புது லத்தி கிடைத்தது, இன்னும் ஆவி அடங்கவில்லை. கையுறை போட்டார், முகமூடி போட்டார், குச்சியை எடுத்தார், அப்படியே நின்றுவிட்டார். கை ஓடவில்லை அவருக்கு. எனக்குப் புரிந்தது.

“மூணடி தள்ளி நின்னு மனசுக்குள்ள கும்பிட்டுக்குங்க. முகமூடிய மட்டும் கழட்டாதீங்க” என்றேன்.

கும்பிட்டார். நானும் கும்பிட்டேன், ஆய்வுக்கூடத்தில் சொல்லிக்கொள்ளவில்லை. பிறகு அவர் குனிந்து குச்சியால் தேய்த்து எடுத்த பக்குவத்தைப் பார்க்க வேண்டுமே. பன்னிரண்டு வருஷம் தரம் பார்த்தவள் நான், அதில் ஒரு குறை சொல்ல முடியவில்லை. அன்றும் அடுத்த சில நாட்களிலுமாக அவர் எடுத்து முடித்தபோது மறுபடியும் பதினொரு குழாய்கள் சேர்ந்தன. கரைசலை நானே ஊற்றினேன். பதினொன்றும் வெளிறியே இருந்தன. அந்த அழுக்குப் பழுப்பு நிறத்தைப் பார்த்து நானும் அந்த மலாய்ப் பெண்ணும் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

இந்தத் தடவை இயந்திரம் படித்தது. ஒன்பது யானைகளுக்கும் தாய்வழி ஒன்று. டாக்டர் கையில் இருந்த வேறு எந்தக் காட்டு யானையிலும் அந்த வழி இல்லை. கடல் ஏறி வந்து இந்த நிலத்தைச் சூழ்வதற்கு முன்பே பிரிந்த கிளை என்று கணக்குப் போட்டார். மண் குழாயின் படத்தையும் இந்தக் கணக்கையும் அருகருகே வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஊர் காய்ந்தபோது காடு நின்ற மூலை, அந்த மூலையில் ஒதுங்கியவர்களின் பேரப்பிள்ளைகள். வரைபடத்தில் வெள்ளையாக இருந்த இடத்துக்குப் பச்சை நிறம் கொடுக்கச் சொன்னார். கணினியில் அதைச் செய்தது என் கை. சும்மா சொல்லக் கூடாது, என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

கூட்டம் ஜொகூர் பாருவில் நடந்தது. நானும் அண்ணனும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். அண்ணன் தீபாவளிச் சட்டை போட்டிருந்தார். முதல் மாதிரிகள் ஏன் கெட்டன என்று ஓர் அதிகாரி கேட்க, டாக்டர் மறைக்காமல் மஞ்சள் கதையைச் சொன்னார். அறையே சிரித்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார், எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் டாக்டர் நிறுத்தவில்லை. தவறைக் கண்டுபிடித்தவரும், சரியான மாதிரிகளை எடுத்துக் கொடுத்தவரும் அதோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கையைக் காட்டினார். சிரிப்பு நின்றது. அந்த அதிகாரி நல்ல மனிதர்தான், அண்ணனைப் பார்த்து மரியாதையாகவே கேட்டார். நீங்கள் அங்கேயே வேலை செய்கிறவர், இவற்றைக் கொண்டுபோய்விட்டால் உங்களுக்கு நிம்மதிதானே?

அண்ணன் எழுந்து நின்றார். மலாயில்தான் பேசினார். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் தமிழில் திருப்பிச் சொன்னபோதும் ஒரு வார்த்தை மாறவில்லை.

“பயம் இருக்கத்தான் செய்யுது. எங்க வீடுங்க பக்கம் வேலி போட்டுக் குடுங்க. ஆனா லாரியில ஏத்தாதீங்க. எங்கள ஏத்துனப்போ எத்தன வருஷமா இருக்கீங்கன்னு யாரும் கேக்கல. இதுங்கள கேட்டாச்சு. பதிலும் சொல்லிருச்சுங்க.”

அவர் உட்கார்ந்ததும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பத்து வயதில் லாரிக்கு மேலே அவர் என் கையை அப்படிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

முடிவு வர இரண்டு மாதம் ஆனது. யானைகளை மாற்றுவதில்லை, தோட்டத்து ஓரத்தில் காட்டை இணைக்கும் பாதை, வீடுகள் இருக்கிற பக்கம் மின்வேலி. டாக்டர் கடிதத்தைப் படித்துக் காட்டிய கையோடு அண்ணனுக்குப் போன் அடித்தேன். வேலி, பாதை எல்லாம் விளக்கமாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் எதையும் காதில் வாங்கவில்லை.

“லாரி வராதில்ல?” என்று கேட்டார்.

“வராது அண்ணே.”

டிராக்டரைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

இப்போது எங்கள் ஆய்வுக்கூடச் சுவரில் மூன்று மொழியில் ஓர் அறிவிப்பு இருக்கிறது: மஞ்சள் தண்ணீர் தெளிக்கக் கூடாது. வருகிறவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ஒவ்வொரு யானைக் கூட்டத்துக்கும் நாங்கள் எழுதி வைக்கிற விவரத் தாளையும் டாக்டர் மாற்றிவிட்டார். முன்பு அதில் எத்தனை யானை என்று ஒரு கட்டம்தான் இருந்தது. இப்போது அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது, எவ்வளவு காலமாக இங்கே இருக்கின்றன என்று. அதை நிரப்புவது என் வேலை.